19-ஆம் நூற்றாண்டு புகைப்படங்களில் லகோட்டா தலைவர்களை அடையாளம் காண்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

லகோட்டாக்கள் வட அமெரிக்கச் சமவெளியின் பழங்குடி மக்கள். அவர்களுடைய பழைய படம் ஒன்று கைக்கு வந்ததும் புதியவர்கள் முதலில் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். சிட்டிங் புல் என்ற புகழ்பெற்ற லகோட்டா தலைவரின் படத்தை இணையத்தில் எடுத்துப் பக்கத்தில் வைத்து, மூக்கு ஒத்துப்போகிறது, தாடை ஒத்துப்போகிறது என்று முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். தவறான அடையாளங்களில் பெரும்பாலானவை இப்படித்தான் பிறக்கின்றன. ஒரு முறை பெயர் ஒட்டிவிட்டால் அதைப் பிரித்தெடுப்பது பெரும் பாடு.

முகம் கடைசியில் வர வேண்டும். முதலில் அட்டை, பிறகு புகைப்படக்காரர், பிறகு இடமும் ஆண்டும், பிறகு அந்த நாளில் அங்கே யார் யார் இருந்தார்கள் என்ற பட்டியல். இந்த வரிசையில் போனால், முகத்துக்கு வரும்போது நூறு பேருக்குப் பதில் ஐந்தாறு பேர்தான் மிஞ்சுவார்கள். ஐந்தாறு பேருக்குள் முகம் பார்த்துச் சொல்வது நடக்கிற காரியம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

படத்தின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டுக்கும் நல்ல தெளிவான ஸ்கேன் வேண்டும். ஓரங்கள் வெட்டப்படாத ஸ்கேனாக இருக்கட்டும். ஏலத் தளங்களில் கிடைக்கும் படங்களில் ஓரத்தை வெட்டிவிடுகிறார்கள். நமக்கு வேண்டிய தகவலில் பாதி அந்த ஓரத்தில்தான் இருக்கும்.

லகோட்டா மக்களின் ஏழு பிரிவுகளும் பழகியிருக்க வேண்டும்: ஓக்லாலா, சிச்சாங்கு (படக்குறிப்புகளில் புரூலே), ஹுங்க்பாப்பா, மினிகோன்ஜு, இத்தாசிப்சோ (குறிப்புகளில் சான்ஸ் ஆர்க்), ஓஹேனுன்பா, சிஹாசாப்பா. பழைய அட்டைகளில் எல்லோருக்கும் சேர்த்து 'சூ' என்று ஒரே சொல்லைப் போட்டிருப்பார்கள். அந்தச் சொல் லகோட்டாக்களோடு டகோட்டா, யாங்க்டன் மக்களையும் குறிக்கும் என்பதால், அதை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்ய முடியாது.

அடுத்து ஒரு நோட்டு. அதில் மூன்று பத்தி போடுங்கள்: அட்டையில் எழுதியிருப்பது, படத்தில் கண்ணால் தெரிவது, நான் ஊகிப்பது. இந்த மூன்றும் ஒன்றோடொன்று கலந்துவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் இரண்டாவது பெரிய தவறு. 'ரெட் கிளவுட், 1868' என்று ஒரு தலைவரின் பெயரையும் ஆண்டையும் எழுதி வைத்துவிட்டு, அது அட்டையில் இருந்ததா தாம் ஊகித்ததா என்று ஆறு மாதம் கழித்துச் சொல்லத் தெரியாமல் நிற்கிறார்கள்.

2. பெயரை மறைத்துவிட்டுப் படத்தைப் பாருங்கள்

படக்குறிப்பை ஒரு தாளால் மூடிவிட்டு, தெரிவதை மட்டும் இரண்டாவது பத்தியில் எழுதுங்கள். எத்தனை பேர், யார் உட்கார்ந்திருக்கிறார்கள், கையில் என்ன, கழுத்தில் என்ன, பின்னால் என்ன.

பெயர் கண்ணில் பட்டுவிட்டால் மனம் அதற்குச் சான்று தேட ஆரம்பித்துவிடும். 'சிட்டிங் புல்' என்று படித்த பிறகு பார்க்கிற அகலமான முகமெல்லாம் சிட்டிங் புல்லாகவே தெரியும். இந்தப் படிக்குப் பத்து நிமிடம் போதும், ஆனால் பொறுமையில்லாமல் முதலில் தாண்டிப் போவதும் இதைத்தான்.

3. இது எந்த வகைப் படம்?

தகரத் தட்டில் நேரடியாக எடுத்த டின்டைப், 1860களில் பரவலான சிறிய கார்ட் டி விசிட் அட்டை, அதற்குப் பின் வந்த பெரிய கேபினட் கார்டு, இரட்டைப் படமாக வரும் ஸ்டீரியோ அட்டை என்று இவற்றில் எது என்று முதலில் தெரிய வேண்டும். வகை தெரிந்தால் ஆண்டின் எல்லை ஓரளவு கிடைக்கும். அதைவிட முக்கியமான பலன்கள் இரண்டு உண்டு.

முதலாவது, இடம் வலம் மாறுவது. டின்டைப் கண்ணாடியில் தெரியும் பிம்பம் போல இடம் வலம் மாறியே இருக்கும். அதிலிருந்து பின்னாளில் எடுத்த காகிதப் பிரதியிலும் அந்த மாற்றம் அப்படியே தொடரலாம். முகத்தில் தழும்பு தேடும்போது இது வாழ்வா சாவா என்ற பிரச்சினை. சரிபார்க்க எளிய வழிகள் உண்டு. ஆண்களின் கோட்டில் இடப்பக்கத் துணிதான் வலப்பக்கத்தின் மேல் வரும். படத்தில் அது தலைகீழாக இருந்தால் பிம்பம் மாறியிருக்கிறது. வின்செஸ்டர் துப்பாக்கியில் தோட்டா போடும் வாய் வலப்பக்கம் இருக்கும். பதக்கத்தில் எழுத்து தெரிந்தால் சந்தேகமே இல்லை.

இரண்டாவது, நிறம். அந்தக் கால ஈரத் தட்டு (காயும் முன்பே படம் எடுக்கும் முறை) ரசாயனத்துக்கு நீல ஒளி நன்றாகப் பதியும், சிவப்பும் மஞ்சளும் பதியவே பதியாது. அதனால் முகத்தில் பூசிய சிவப்பு கறுப்பாகத் தெரியும், நீலத் துணி வெளுத்துப் போய் வெள்ளை போல நிற்கும். 'கறுப்புப் பூச்சு பூசியிருக்கிறார், எனவே போரிலிருந்து திரும்பியவர்' என்று எழுதும் ஆட்கள் உண்டு. அந்தக் கறுப்பு பெரும்பாலும் சிவப்புதான். தோல் நிறத்தை வைத்து ஆளைப் பிரிக்கப் பார்ப்பதும் இதே காரணத்தால் வீண்.

4. அட்டையின் முத்திரையைப் படியுங்கள், ஆனால் முழுதாக நம்பாதீர்கள்

அட்டையின் கீழ் ஓரத்திலோ பின்பக்கத்திலோ ஸ்டுடியோவின் பெயரும் ஊரும் அச்சாகியிருக்கும். அதுதான் உங்கள் முதல் உறுதியான பிடி.

பிஸ்மார்க், டகோட்டா பிரதேசம் என்று இருந்தால் அந்த அட்டை 1889 நவம்பருக்கு முன் அச்சானது. அந்த மாதம்தான் வடக்கு டகோட்டா, தெற்கு டகோட்டா என்ற இரண்டு மாநிலங்கள் உருவாகி, பிரதேசம் என்ற நிலை முடிந்தது. இருப்பில் இருந்த பழைய அட்டைகளை அதன் பிறகும் கொஞ்ச காலம் பயன்படுத்தியிருப்பார்கள் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

அட்டை அச்சான காலமும் படம் எடுத்த காலமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதை மறக்கவே கூடாது. நெகட்டிவ்கள் கைமாறின. பிஸ்மார்க்கில் ஆர்லாண்டோ கோஃப் என்பவரிடம் தொழில் கற்றவர் டி. எஃப். பாரி. குருவும் சீடரும் ஒரே ஆட்களை ஒரே வட்டாரத்தில் எடுத்தார்கள். பாரி பின்னாளில் விஸ்கான்சினில் சுப்பீரியர் ஊருக்குப் போனார். டகோட்டாவில் 1880களில் எடுத்த படம் விஸ்கான்சின் முத்திரையோடு கிடைப்பது அதனால்தான். 1898 ஒமாஹா கண்காட்சியில் எடுத்த படங்கள் ரைன்ஹார்ட் பெயரில் வந்தன, ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றை எடுத்தவர் அவருடைய உதவியாளர் அடால்ஃப் முர். ஆகவே நோட்டில் 'வெளியிட்டவர்', 'எடுத்தவர்' என்று இரண்டு வரி வையுங்கள். இரண்டாவது வரி பல நேரம் காலியாகவே இருக்கும். இருக்கட்டும்.

5. அந்த நாளில் அங்கே யார் இருந்திருக்க முடியும்?

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் செலவழிக்க வேண்டிய படி இது. லகோட்டா தலைவர்கள் நினைத்தபோது ஸ்டுடியோவுக்குப் போய் உட்காரவில்லை. ஒப்பந்தப் பேச்சு, வாஷிங்டன் பயணம், சரணடைதல், சிறை, கண்காட்சி என்று சில குறிப்பிட்ட தருணங்களில்தான் கேமரா அவர்கள் முன் வந்தது. அந்தத் தருணங்களைத் தெரிந்துகொண்டால் யார் இருக்க முடியும், யார் இருக்கவே முடியாது என்று பிரித்துவிடலாம்.

1868 வசந்தத்தில் அமெரிக்க அரசோடு நடந்த லாரமி கோட்டை ஒப்பந்தப் பேச்சின்போது அலெக்சாண்டர் கார்ட்னர் படம் எடுத்தார். ஸ்பாட்டட் டெய்ல் அதில் இருக்கிறார், ஓல்டு மேன் அஃப்ரெய்ட் ஆஃப் ஹிஸ் ஹார்சஸ் இருக்கிறார். ரெட் கிளவுட் இருக்க முடியாது, ஏனென்றால் அவர் கோட்டைக்கு வந்து கையெழுத்திட்டது நவம்பரில். கார்ட்னரின் அந்தத் தொகுப்பிலிருந்து ஒரு படத்தில் 'ரெட் கிளவுட்' என்று போட்டிருந்தால், முகத்தைப் பார்க்கும் முன்பே அதை ஒதுக்கிவிடலாம்.

ரெட் கிளவுட் 1870-இல் வாஷிங்டன் போனார், ஆனால் அவருடைய படங்கள் தொடங்குவது 1872 பயணத்தில்தான். அதற்குப் பிறகு இறக்கும்வரை நூற்றுக்கு மேற்பட்ட படங்கள். 1875-இல் ஒரு குழு, 1877 செப்டம்பர் கடைசியில் மற்றொரு குழு வாஷிங்டன் போனது. 1880களில் சார்லஸ் பெல்லின் வாஷிங்டன் ஸ்டுடியோ பல குழுக்களை எடுத்தது. 1890 டிசம்பரில் அமெரிக்க ராணுவம் லகோட்டாக்களைக் கொன்ற வூண்டட் நீ படுகொலைக்குப் பிறகு 1891 தொடக்கத்தில் இன்னொரு குழு போனது.

சிட்டிங் புல்லின் கணக்கு இன்னும் சுலபம். 1877 முதல் 1881 ஜூலை வரை அவர் கனடாவில் இருந்தார். பியூஃபோர்ட் கோட்டையில் சரணடைந்த பிறகு, 1881-இல் கோஃப் எடுத்ததுதான் முதல் படம் என்று ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கிறது. 1882-இல் ராண்டல் கோட்டையில் கைதியாக இருந்தபோது பெய்லி, டிக்ஸ், மீட் என்ற நிறுவனம் அவர் முகாமை வரிசையாக எடுத்தது. 1885-இல் பஃபலோ பில் காட்சிக் குழுவோடு சுற்றியபோது மாண்ட்ரியலில் நாட்மன் ஸ்டுடியோ படங்கள். 1888-இல் வாஷிங்டன். 1890 டிசம்பர் 15-இல் கொல்லப்பட்டார். ஒன்பதே ஆண்டுகள். அதற்கு வெளியே வரும் எந்த 'சிட்டிங் புல்' படத்துக்கும் மிக வலுவான சான்று கேளுங்கள்.

ஒவ்வொரு தலைவருக்கும் இப்படி ஒரு பக்கம் எழுதி வையுங்கள்: எந்த ஆண்டு எங்கே இருந்தார், எப்போது இறந்தார். ஸ்பாட்டட் டெய்ல் 1881-இல் கொல்லப்பட்டார் என்பது தெரிந்தால், 1880களின் பிற்பகுதிப் படங்களில் அவர் பெயரைப் பார்த்ததும் நிற்பீர்கள்.

6. பின்னணியை ஒப்பிடுங்கள்

ஸ்டுடியோக்களில் அதே திரை, அதே நாற்காலி, அதே கம்பளம்தான் திரும்பத் திரும்ப வரும். பெயர் தெரியாத படத்தில் உள்ள கம்பளப் பூ வேலையை, ஆண்டு உறுதியான மற்றொரு படத்தோடு ஒப்பிடுங்கள். நாற்காலிக் கைப்பிடியின் குஞ்சம், திரையில் ஒரு மடிப்பு, தரையில் ஒரு கறை கூட உதவும். ஒரே திரை, ஒரே கறை, ஒரே கோணம் என்றால் இரண்டும் அடுத்தடுத்த நாட்களில் எடுத்தவையாக இருக்க நல்ல வாய்ப்பு. முகத்தைவிடக் கம்பளம் நம்பகமான சாட்சி, அதற்கு வயதாவதில்லை.

குழுப் படம் என்றால் மொழிபெயர்ப்பாளரிடமிருந்து தொடங்குங்கள். ஓரத்தில் நிற்கும் கோட்டுப் போட்டவரின் பெயரும் பயணமும் அரசு ஆவணங்களில் எளிதாகக் கிடைக்கும். அவர் யார் என்று தெரிந்தால் எந்தப் பயணம் என்று தெரியும், பயணம் தெரிந்தால் போனவர்கள் பட்டியல் கிடைத்துவிடும்.

7. உடையும் அணிகலனும் ஆண்டைச் சொல்லும், ஆளைச் சொல்லாது

கழுகு இறகுத் தலையணியும் முடி தொங்கும் சட்டையும் போட்டிருப்பதால் இவர் பெரிய தலைவர் என்று முடிவு கட்டாதீர்கள். ஸ்டுடியோக்களில் சட்டை, புகைக்குழாய், இறகுத் தலையணி எல்லாம் தயாராக வைத்திருந்தார்கள். ஒரே சட்டை இரண்டு வேறு ஆட்கள் மேல் வருவதைப் பார்த்தால் பதறாதீர்கள், அதுவே ஒரு தடயம். மணி வேலைப்பாடும் கறையும் அச்சாக ஒத்தால், இரண்டு படமும் ஒரே ஸ்டுடியோ, அல்லது அந்த இருவரும் ஒன்றாக வந்தவர்கள்.

பதக்கங்கள் பயனுள்ளவை. தலைவர்களுக்கு வாஷிங்டனில் தந்த சமாதானப் பதக்கங்களில் ஜனாதிபதி கிராண்ட் கால 1871 பதக்கம் வட்டமானது. ஹேய்ஸ் காலத்துப் பதக்கம் முட்டை வடிவம். எனவே கழுத்தில் முட்டை வடிவப் பதக்கம் தொங்கினால் படம் 1877-க்கு முன் எடுத்ததாக இருக்க முடியாது. ஆனால் அப்பாவின் பதக்கத்தை மகன் அணிவது வழக்கம். ஆகவே பதக்கம் 'இதற்கு முன் அல்ல' என்று மட்டும் சொல்லும். 'இதே ஆண்டு' என்று ஒருபோதும் சொல்லாது.

மார்பில் வரிசையாகக் கோத்த நீண்ட எலும்புக் குழல் கவசமும் அப்படித்தான். முன்பு சிப்பியில் செய்த குழல்கள் வந்துகொண்டிருந்தன. எலும்பில் செய்தவை 1880-ஐ ஒட்டித்தான் சமவெளி மக்களிடம் பெருமளவில் போய்ச் சேர்ந்தன. இடுப்புவரை நீளும் அகன்ற எலும்புக் கவசம் 1870களின் நடுவில் என்று சொல்லப்பட்டால் கேள்வி எழுப்புங்கள்.

8. ஒரே பெயர், இரண்டு ஆள்

இங்கேதான் அனுபவசாலிகளும் தடுக்குகிறார்கள். ஒரு படத்தை முழுதாகப் பார்த்துவிடுவோம்.

1875-இல் வாஷிங்டன் பயணத்தின்போது ஒமாஹாவில் ஃபிராங்க் கரியர் எடுத்த குழுப் படம் ஒன்று உண்டு. ரெட் கிளவுட், ஸ்பாட்டட் டெய்ல், ஸ்விஃப்ட் பேர், சிட்டிங் புல், கூட ஒமாஹா வியாபாரியும் மொழிபெயர்ப்பாளருமான ஜூலியஸ் மேயர். இந்தப் பெயர்கள் எல்லாமே சரி, அட்டையில் பிழை எதுவும் கிடையாது. ஆனாலும் 1876-இல் லகோட்டாக்களும் கூட்டாளிகளும் அமெரிக்க ராணுவத்தை வென்ற லிட்டில் பிக்ஹார்ன் போருக்கு ஓராண்டு முன்பே சிட்டிங் புல் ஸ்டுடியோவில் உட்கார்ந்திருக்கிறார் என்று இதைப் பகிர்பவர்கள் தவறு செய்கிறார்கள்.

ஐந்தாவது படியை இதில் செலுத்துங்கள். ஹுங்க்பாப்பா சிட்டிங் புல் 1875-இல் அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்டவர்களோடு சேராமல் வடக்கே இருந்தார். அவர் ஒமாஹா வந்திருக்க வழியில்லை. படத்தில் இருப்பவர் அதே பெயருள்ள ஓக்லாலா தலைவர், ரெட் கிளவுட் ஏஜென்சியை (பழங்குடி மக்களை நிர்வகித்த அரசு அலுவலகம்) சேர்ந்தவர். 1876 டிசம்பரில், சமாதானம் பேச டங் ஆற்று ராணுவ முகாமுக்குப் போனபோது, அங்கே ராணுவத்தோடு இருந்த க்ரோ பழங்குடிச் சாரணர்களால் கொல்லப்பட்டவர். இந்த மனிதருக்கு என்று ஒரு வாழ்க்கை இருந்தது, ஒரு மரணம் இருந்தது. தவறான பெயர்க்குறிப்பு அவரை இன்னொருவரின் நிழலாக்கிவிடுகிறது. அடையாளம் சரியாக இருக்க வேண்டும் என்று நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு இதுவே காரணம்.

இதே போலச் சிக்கலான பெயர்கள் இன்னும் உண்டு. அமெரிக்கன் ஹார்ஸ் இருவர். மூத்தவர் 1876 செப்டம்பரில் ஸ்லிம் பியூட்ஸ் சண்டையில் இறந்தார், படங்களில் நாம் பார்ப்பவர் 1908 வரை வாழ்ந்த இளையவர். லாரமி கோட்டைப் படங்களில் வரும் ரோமன் நோஸ் லகோட்டாக்காரர், அதே பெயருள்ள, செயன் என்ற வேறு பழங்குடியைச் சேர்ந்த புகழ்பெற்ற வீரர் வேறு. ஷார்ட் புல் என்ற பெயரிலும் ஓக்லாலா ஒருவர், சிச்சாங்கு ஒருவர். ரெட் கிளவுட்டின் மகன் ஜாக் ரெட் கிளவுட்டை 1890களின் படங்களில் அப்பா என்றே போட்டுவிடுகிறார்கள். 1898-இல் அப்பாவுக்கு வயது 75-க்கு மேல், பார்வையும் மங்கியிருந்தது. படத்தில் நடுவயதுக்காரர் கம்பீரமாக நின்றால் அது மகன்.

பெயரை உறுதி செய்ய ஆவணங்களுக்குப் போங்கள். 1868 ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் பட்டியல் பிரிவு வாரியாக இருக்கிறது. 1877-இல் ரெட் கிளவுட் ஏஜென்சியில் சரணடைந்தவர்கள் பதிவேடும் 1881-இல் சிட்டிங் புல்லோடு வந்தவர்கள் கணக்கும் இருக்கின்றன. 1885 முதல் ஏஜென்சிகள் எடுத்த மக்கள்தொகைப் பட்டியல்களில் லகோட்டா பெயர், ஆங்கிலப் பெயர், வயது மூன்றும் கிடைக்கும். லகோட்டா பெயரின் எழுத்துக்கூட்டல் ஆவணத்துக்கு ஆவணம் மாறும். மஹ்பியா லூட்டா என்ற ரெட் கிளவுட்டின் பெயரையே நாலைந்து விதமாக எழுதியிருப்பார்கள். எல்லா வடிவத்திலும் தேடுங்கள்.

குழுப் படத்தின் 'இடமிருந்து வலம்' பட்டியலையும் எண்ணிப் பாருங்கள். ஏழு பெயர், ஆறு தலை என்றால் படம் வெட்டப்பட்டிருக்கிறது. பின்வரிசையில் தொடங்கியதா முன்வரிசையிலா என்று குறிப்பு சொல்லாது. உறுதியாகத் தெரிந்த ஒருவரை நங்கூரமாக வைத்து, பட்டியல் அவரிடம் சரியாக வருகிறதா என்று பாருங்கள்.

9. இப்போது முகம்

உறுதியான படங்கள் குறைந்தது மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள், அதுவும் வெவ்வேறு ஆண்டுகளில் எடுத்தவை. ஒன்றே ஒன்றோடு ஒப்பிட்டால் ஒளியும் கோணமும் ஏமாற்றிவிடும்.

மாறாதவற்றைப் பாருங்கள்: காது மடலின் அமைப்பு, கண்களுக்கு இடைப்பட்ட தூரம், மூக்கெலும்பின் வளைவு, தழும்பு. மாறுபவற்றை விடுங்கள்: முடியின் நீளம், உடல் பருமன், சுருக்கம். துக்கத்தில் முடியை வெட்டிக்கொள்வது லகோட்டா வழக்கம் என்பதால் குட்டை முடி எதையும் நிரூபிக்காது. சடை காதை மறைத்திருந்தால் காதை வைத்துப் பேசவே வேண்டாம்.

ஒற்றுமையைவிட வேற்றுமைக்கு மதிப்பு அதிகம். பத்து ஒற்றுமை இருந்தாலும் இருவரும் வேறு ஆளாக இருக்கலாம். காதில் ஒரு தெளிவான வேற்றுமை இருந்தால் கதை முடிந்தது.

முகம் பொருத்திப் பார்க்கும் செயலிகளை நம்பி இறங்காதீர்கள். மங்கிய, சிவப்பைக் கறுப்பாக்கிய, நெகட்டிவில் கையால் திருத்திய படத்துக்கும் அது ஒரு சதவீத எண்ணைத் தரும். அந்த எண் சான்று போலத் தெரிவதால்தான் ஆபத்து.

10. கிரேஸி ஹார்ஸ்: தனியாக ஒரு எச்சரிக்கை

புதிதாக வருபவர்களில் பலருக்கு ஓக்லாலா போர்த் தலைவரான இவருடைய படத்தைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்ற ஆசை. எல்லோரும் ஏற்றுக்கொண்ட படம் ஒன்றுகூட இல்லை. அவர் வாஷிங்டன் போகவில்லை. 1877 மே 6-இல் சரணடைந்தார், செப்டம்பர் 5-இல் ராபின்சன் முகாமில் கொல்லப்பட்டார். படம் எடுத்திருக்கக் கூடிய காலம் நான்கு மாதம்தான். அந்த ஆண்டு வாஷிங்டன் போன குழு கிளம்பியதே அவர் இறந்த பிறகு. எனவே அந்தப் பயணப் படங்களில் தேட வேண்டாம்.

அவர் என்று சொல்லப்படும் டின்டைப் ஒன்று பிரபலம். அதை இதுவரை சொன்ன வரிசையில் நீங்களே சோதித்துப் பாருங்கள். வரைந்த திரை உள்ள ஸ்டுடியோ அந்த நான்கு மாதத்தில் அங்கே இருந்ததா? மார்பில் உள்ள நீண்ட குழல் கவசம் 1877-க்குப் பொருந்துமா? 1870-இல் நோ வாட்டர் என்பவர் சுட்டதில் இடது மூக்கருகே ஏற்பட்ட காயத்தின் தழும்பு, இடம் வலம் மாறிய படத்தில் எந்தப் பக்கம் வர வேண்டும்? ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் இந்தக் கேள்விகளில்தான் மோதுகிறார்கள். கவசமும் திரையும் அதை ஏற்கவிடாமல் தடுக்கின்றன என்பது என் முடிவு.

11. முடிவை எழுதும் விதம்

'உறுதி', 'பெரும்பாலும்', 'சாத்தியம்', 'தெரியவில்லை' என்று நான்கு நிலை வையுங்கள். இரண்டு தனித்தனிச் சான்றுகள் ஒத்தால் மட்டும் 'உறுதி'. ஒரே பழைய படக்குறிப்பை மூன்று நூல்கள் எடுத்தாண்டிருந்தால் அது மூன்று சான்று ஆகாது, ஒன்றுதான். 'தலைவர்' என்ற சொல்லையும் சோதியுங்கள். விற்பனைக்காகப் புகைப்படக்காரர்கள் யாரையும் தலைவர் என்று அச்சிட்டார்கள். ஆவணம் சொல்லாத பதவியை நீங்கள் கொடுக்காதீர்கள்.

குடும்பங்களின் நினைவு வலிமையான சான்று. பைன் ரிட்ஜ், ரோஸ்பட், ஸ்டாண்டிங் ராக், செயன் ரிவர் என்ற பழங்குடி ஒதுக்கீட்டுப் பகுதிகளில் இந்த மனிதர்களின் கொள்ளுப் பேரர்கள் வாழ்கிறார்கள். பைன் ரிட்ஜில் ஓக்லாலா லகோட்டா கல்லூரியும், ரோஸ்பட்டில் சிண்டே கிளெஸ்கா பல்கலைக்கழகமும் அவர்கள் சமூகத்தின் கல்வி நிலையங்கள். கேட்கும்போது பணிவாகக் கேளுங்கள், அவர்கள் சொல்ல விரும்பாததை வற்புறுத்தாதீர்கள். வூண்டட் நீயில் 1891 ஜனவரியில் எடுத்து விற்கப்பட்ட சடலப் படங்களைப் பகிர வேண்டாம். அவற்றில் இருப்பவர்களை அடையாளம் காண வேண்டிய நிலை வந்தால், அதைக் குடும்பத்தாரோடு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

காப்பகத்தின் பட்டியலில் பிழை கண்டால் எழுதி அனுப்புங்கள். ஸ்மித்சோனியனின் தேசிய மானிடவியல் காப்பகம், அமெரிக்க காங்கிரஸ் நூலகம், நெப்ராஸ்கா, இரு டகோட்டா மாநில வரலாற்றுச் சங்கங்கள், பாரியின் படங்களை வைத்திருக்கும் டென்வர் பொது நூலகம் ஆகியவற்றில்தான் பெரும்பகுதி இருக்கிறது. கடிதத்தில் படத்தின் பட்டியல் எண், இப்போதுள்ள பெயர், நீங்கள் சொல்லும் பெயர், எந்தப் படியில் என்ன கண்டீர்கள், எந்த நிலை உறுதி என்று ஒரே பக்கத்தில் எழுதுங்கள். ஒப்பிட்ட படங்களின் எண்களையும் சேருங்கள். 'பார்த்தாலே தெரிகிறது' என்ற வரி மட்டும் அதில் வரக் கூடாது.